மயிலின் நான்கு இறகுகள்

என் தம்பி அஷ்பாக் கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். அவனைக் கொலைகாரன் என்று கடலூர் ஜெயிலில் வைத்து இன்றோடு நான்கு நாள். "லாத்தா, நான் நூல குடுத்துட்டு வர்றப்ப அவுங்க நல்லாத்தான் பேசுனாங்க" என்று அழுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் முபீனா. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆரி வேலைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். செத்துப்போன இளவரசி கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி போடுகிறவள், என் வாடிக்கைக்காரி. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் தினமும் மிரட்டுகிறார் என்று என்னிடம் புலம்புவாள். திங்கட்கிழமை அவள் கழுத்தைப் புடவையால் இறுக்கிக் கொன்றிருந்தார்கள்.

கொளஞ்சியப்பன் போலீசிடம் சொன்னது இது: மூன்று மணிக்கு அஷ்பாக் வெளியே போனான். அடுத்த நிமிஷமே ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள், தூங்குகிறாள் என்று விட்டுவிட்டார். ஐந்து மணிக்கு எழுப்பினால் உயிர் இல்லை. அதுவரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், வேறு யாரும் வரவில்லை. அதை அப்படியே நம்பி என் தம்பியைப் பிடித்துவிட்டார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்துக் கல்யாணப் பெண் தன் ரவிக்கைத் துணியைக் கேட்டு நச்சரித்தாள். அது மாட்டியிருந்த ஃபிரேம் நான் இரவல் கொடுத்தது. போலீஸ் பார்த்து முடித்துச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டதால், எடுக்கப் போனேன். கொளஞ்சியப்பன் கதவைத் திறந்துவிட்டு வாசல் நிலையிலேயே நின்றுகொண்டார்.

ஃபிரேமில் ஒரு மயில். உடம்பு பழைய ஜரிகை. தோகையில் ஐந்து இறகு மட்டும் மங்கிய தங்க நிறம். அந்த நிறப் புது ஜரிகை சூரத்திலிருந்து திங்கட்கிழமை இரண்டரைக்குத்தான் பார்சலில் வந்தது. பெட்டியைப் பிரித்த கையோடு முதல் நூல்கண்டை அஷ்பாக்கிடம் கொடுத்தனுப்பியவளே நான்தான். ஓர் இறகுக்கு இளவரசியின் கைக்கே இருபது நிமிஷம் ஆகும். அப்படியானால் அவன் போன பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவள் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள். தரையில் கிடந்தாள் என்று சொன்னவர் எனக்குப் பின்னால் நிற்கிறார்.

"கீழ கண்டு தொங்குது பாரு, அதையும் எடுத்துக்க" என்று உள்ளே வந்து குனிந்து ஃபிரேமுக்கு அடியில் தொங்கிய நூலை இழுத்தார். ஆரியில் கடைசித் தையலுக்கு முடிச்சுப் போடாவிட்டால் அடிநூலை இழுத்ததுமே எல்லாம் உருவிக்கொண்டு வந்துவிடும். என் கண் முன்னால் ஐந்தாவது இறகு சரசரவென்று காணாமல் போனது. பாய்ந்து நான்காவது இறகின் நுனியில் கட்டைவிரலை அழுத்தினேன்.

"விடுங்கண்ணே, சிக்காயிடும்."

"ஏம்மா கை இப்படி நடுங்குது?"

"நோம்புண்ணே. காலைலேர்ந்து தண்ணிகூட குடிக்கல." பொய்தான்.

அவர் என் விரலையே பார்த்தார். பிறகு கண்டை ஃபிரேம் மேல் வைத்துவிட்டு வழிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. ஃபிரேமோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினேன். விரல் மரத்துப்போனது. முடிச்சுப் போட ஊசி இல்லை, விரலை எடுத்தால் தம்பி இல்லை.

இன்ஸ்பெக்டர் அருள்மொழி முதலில் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பார்சல் ரசீதை நீட்டி, ஓர் இறகுக்கு இருபது நிமிஷம் ஆகும் என்றேன். நேரத்தைப் படித்தார், இறகுகளை இரண்டு முறை எண்ணினார், போட்டோ எடுக்கச் சொன்னார்.

"நாலுக்கு எம்பது நிமிஷம். கொளஞ்சியப்பன அழைச்சிட்டு வாங்க" என்றார் ஏட்டிடம். என் பக்கம் திரும்பி, "உங்க தம்பி வந்துடுவாரு. போட்டோ எடுத்தாச்சு, கைய எடுங்கம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஐந்தாவது இறகு இளவரசி உயிரோடு இருந்த கடைசி இருபது நிமிஷம். அவளைக் கொன்றவன் கையாலேயே அதை உருவ விட்டுவிட்டேன்.

"முதல்ல ஒரு ஊசி குடுங்க மேடம்" என்றேன். "முடிச்சுப் போட்டுட்டு எடுக்கறேன்."