மெரிட் கொட்டிலின் அரைக்கதவு

எங்கள் பள்ளத்தாக்கின் மாட்டுப்பண்ணைக் குடும்பங்களைப் பற்றிய நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்திற்குச் செல்லவிருந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல்வரை அதில் நாற்பத்தொரு குடும்பங்கள் இடம்பெற்றிருந்தன. வெஸ்காட் குடும்பம் இடம்பெறவில்லை. நூற்குழுவின் செயலர் என்ற முறையில், அவர்களுக்கான மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நானே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது முறையாகும்.

குழுவின் விதி எளிமையானது. 1919ஆம் ஆண்டிற்கு முன்பே இப்பள்ளத்தாக்கில் தன் சொந்தச் சூட்டுக்குறியை மாட்டின் மேல் இட்ட குடும்பமாக இருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் இந்த மூலையில் சான்று கிடைப்பது அரிது. பழைய பதிவேடுகளை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மற்றவர்கள் கடிதங்களையும் புகைப்படங்களையும் எடுத்து வந்தார்கள். லவோன் வெஸ்காட்டிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அவளுடைய கொள்ளுத்தாத்தா ஏமஸ், மெரிட் பண்ணையில் கூலிக்கு மாடு ஓட்டியவர் என்றே ஊரார் சொல்லி வந்தார்கள். மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய்வார்த்தை மட்டுமே இருந்தது.

அன்று நான் மெரிட் கொட்டிலுக்குச் சென்றது, அங்கிருந்த அரைக்கதவைப் படமெடுத்துப் பதிவு செய்வதற்காக. குழுத் தலைவர் டுவைட் மெரிட் அதை அருங்காட்சியகத்திற்கு வழங்க முன்வந்திருந்தார். அந்தக் காலத்தில் எல்லாப் பண்ணையாரும் கன்றுகளை மெரிட் பட்டிக்கு ஓட்டி வந்து ஒன்றாகச் சூடு போடுவார்கள். சூடு போடும் இரும்புக்கோல் போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்று அந்தக் கதவில்தான் வைத்துப் பார்ப்பார்கள். 1919க்குப் பிறகு அவரவர் பட்டியிலேயே சூடு போடும் வழக்கம் வந்துவிட்டது. ஆகவே கதவில் கருகி நின்ற ஐந்து குறிகளும் அதற்கு முந்தையவை: ஒரு வட்டம், இரட்டைக் கோடு, சாய்சதுரம், ஆங்கில எழுத்துகளான எச், எம். முதல் நான்கும் யாருடையவை என்று அனைவரும் அறிவார்கள். எம் மெரிட்டுக்குரியது என்று டுவைட் சொல்ல, நான் குறிப்பேட்டில் மையால் எழுதிக்கொண்டேன்.

அந்நேரத்தில் லவோனின் டிரக் வந்து நின்றது.

"கடுதாசி வந்துச்சு ஹேசல்," என்றாள் என்னிடம். "எவ்வளவு மரியாதை! பூட்ஸ் காலால மிதிச்சிட்டு, வலிக்குதாங்கன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதையும் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அவளை ஏன் வையுற? விதி போட்டது நான்," என்றார் டுவைட். "ஒரு துண்டுச் சீட்டு கொண்டா லவோன், நானே முதல் பக்கத்துல போடுறேன்."

"எங்க ஆளுங்க மாடு மேய்ச்சாங்க டுவைட், சீட்டு மேய்க்கல."

"மேய்ச்சாங்க, மேய்ச்சாங்க. எங்க மாட்டை."

லவோனின் முகம் சிவந்தது. கதவின் முன் வந்து நின்றாள். அறுபத்தாறு வயதிலும் குதிரை பழக்கி விற்பவள் அவள். விலைக்கு வாங்கப்போகும் குதிரையைப் பார்ப்பதுபோல் அதை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு அமர்ந்து, கீழ்விளிம்பை விரலால் தடவினாள்.

"டுவைட், இங்க வா. இது என்ன?"

"குதிரை கொறிச்சது. எல்லாக் கொட்டில்லயும் இருக்கிறதுதானே."

"எங்க கொறிக்கும்?"

"அரைக்கதவோட மேல்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டும் குதிரை மேல்விளிம்பைத்தான் கொறிக்கும். இந்த மேல்விளிம்போ வழவழப்பாக, ஒரு பல் தடமும் இன்றி இருந்தது. கீழ்விளிம்புதான் அலையலையாகத் தேய்ந்திருந்தது.

"உங்க தாத்தா குதிரைங்க மண்டி போட்டுப் பிரார்த்தனை பண்ணிட்டுக் கொறிக்குமோ?" என்றாள் லவோன். "கதவு தலைகீழாத் தொங்குது. வட்டமும் கோடும் எப்படித் திருப்பினாலும் அதேதான். சாய்சதுரமும் எச்சும் அப்படித்தான். உன் எம்மைத் திருப்பிப் பாரு."

கொல்லர் அடித்த கோலில் எம்முக்கும் டபிள்யூவுக்கும் வேறுபாடு ஏதும் இல்லை. எந்தப் பக்கம் மேல் என்பது ஒன்றைத் தவிர. டபிள்யூ, வெஸ்காட்டின் முதல் எழுத்து.

"அதெல்லாம் இல்ல," என்றார் டுவைட். "யாரு தலைகீழா மாட்டுவான்?"

"நீங்கதான்," என்றார் வாசலில் காப்பியோடு வந்து நின்ற அவர் மனைவி ஓபல். "கல்யாணமான வருஷம். கீல் துருப்பிடிச்சுப் போச்சுன்னு கழட்டி மாட்டினீங்க. தாழ்ப்பாள் முழங்காலுக்கு வருதேன்னு சொன்னேன். உனக்குக் கொட்டிலைப் பத்தி என்ன தெரியும்னு சொல்லிட்டு, தாழ்ப்பாளைக் கழட்டி மேல அடிச்சீங்க. அந்தப் பழைய ஓட்டை இன்னும் கீழதான் இருக்கு."

ஓட்டை இருந்தது. நான்கு ஆணித் துளைகள். டுவைட் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ எங்க குறி இதுல இல்லையா?" என்றார் இறுதியில். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"சொந்தக் கதவை எவன் சுடுவான்?" என்றாள் லவோன், சற்றுத் தணிந்து. "வந்தவங்கதான் சுட்டுப் பார்ப்பாங்க. கூலிக்காரன் கையில முதலாளி கோல்தான் இருக்கும். ஏமஸ் கையில அவரோட கோல் இருந்திருக்கு."

டுவைட் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கீலைத் தானே கழற்றினார். நாங்கள் மூவருமாகக் கதவைத் தூக்கித் திருப்பிச் சுவரில் சாய்த்தோம். குதிரைப் பல் தடங்கள் மேலே வந்தன. நடுவில் கரிய டபிள்யூ நிமிர்ந்து நின்றது.

"சூட்டுக்குறியில தலைகீழா நிக்கிற எழுத்தை, முன்னாடி கிறுக்குன்னு சேர்த்துத்தான் நம்ம ஊர்ல படிப்போம்," என்றார் டுவைட், தோல்வியைச் சிரிப்பாக்க முயன்று. "கிறுக்கு டபிள்யூன்னு பதியலாமா?"

"கிறுக்கு கதவை மாட்டினவனுக்கு. எழுத்துக்கு இல்ல."

ஓபல் சிரித்ததில் காப்பி தளும்பியது.

நான் குறிப்பேட்டைத் திறந்து, எம் என்று எழுதியிருந்ததை அளவுகோல் வைத்து நேராக அடித்தேன். எப்படிப் பதிவு செய்வது என்று தலைவரைக் கேட்டேன்.

"என்னைக் கேக்காதே. அவங்க குறி, அவங்க சொல்லட்டும்."

லவோன் தன் ஜீன்ஸில் இரு கைகளையும் துடைத்துக்கொண்டாள். குதிரை பழக்கும் குரலில், ஒவ்வொரு சொல்லாக, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்:

"வெஸ்காட். டபிள்யூ. சொந்த மாடு, சொந்தக் கோல்."

நாற்பத்திரண்டாவது குடும்பமாக அதை அப்படியே பதிவு செய்தேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.