அமலநாதனின் பதினெட்டு மாத மார்கழி

1972-ஆம் ஆண்டின் மார்கழி, புதூர்நாட்டு அமலநாதன் வீட்டு உள்ளறையில் மட்டும் பதினெட்டு மாதம் நீடித்தது. வெளியே சித்திரை வெயிலில் பலா பழுத்துக்கொண்டிருக்க, அந்த அறையில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அக்கம்பக்கத்தார் பால் திரியாமலிருக்க அங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

அமலநாதன் அதற்கு முன் காவலூரில் தொலைநோக்கி பூட்ட வந்த ஹெல்முட் என்ற ஜெர்மன் மெக்கானிக்குக்குச் சமைத்துப் போட்டவன். ஊர் திரும்பும்போது ஹெல்முட், லாகர் என்ற தன் நாட்டு பீரின் செய்முறையையும், ஒரு புட்டி ஈஸ்ட்டையும், ஒரு பொட்டலம் காய்ந்த கசப்புப் பூவையும் கொடுத்தார். பீர் குளிரில் கிடக்க வேண்டும், ருசி பார்த்துப் பதமாகிவிட்டது என்று முடிவு செய்யும்வரை குளிரை விடக் கூடாது என்றார். திருப்பத்தூரில் நீர்க்கடுப்புக்கு விற்கும் பார்லியை வாங்கி, முளைகட்டி, வறுத்து, பூவைப் போட்டுக் காய்ச்சி, ஆறியதும் ஈஸ்ட்டைக் கலந்து, ஜாடியில் ஊற்றி உள்ளறையில் வைத்தான் அமலநாதன். குளிரும் தன் பங்குக்கு அங்கேயே தங்கிவிட்டது.

வீட்டில் படுக்கிற அறை அது ஒன்றுதான். மனைவி பிலோமினாளுக்கு அப்போது எட்டு மாதம். மார்கழி நகராததால் வயிறும் நகரவில்லை. மருத்துவச்சி வெள்ளையம்மாள் மாதாமாதம் தொட்டுப் பார்த்து, இன்னும் எட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அமலநாதன் ஒரு டம்ளர் எடுத்து, நிறம், நுரை, மணம், கசப்பு, குடித்தபின் நாக்கில் நிற்பது என்று ஐந்து பத்தியில் மதிப்பெண் போடுவான். போட்டதும் சந்தேகம் வந்து அடித்துவிடுவான். கடைசியில் அருணகிரியைக் கூப்பிட்டான். திருவிழாக் கூழ் பதமா என்று ஊருக்குச் சொல்கிறவர் அவர். அருணகிரி ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்தார்.

"புளிக்கவே இல்லியேப்பா. இன்னும் ஒரு மாசம் வுடு."

மாதாமாதம் அதையே சொன்னார். அமலநாதன் மாதாமாதம் விட்டான்.

1974 ஆனியில் ஒரு ஞாயிறு, போர்வைக்குள்ளிருந்து பிலோமினாள் கேட்டாள்: "அது புளிக்கணும்னு அந்த ஜெர்மன்காரரு சொன்னாரா?"

புளித்தால் கெட்டுவிட்டது என்றுதான் சொன்னார் என்று அமலநாதன் ஒப்புக்கொண்டான்.

"அப்ப இன்னாத்துக்குங்க காத்துனு கீறீங்க? உங்க நாக்கு இன்னா சொல்லுது? எனக்குக் கொழந்த வோணும்."

அவன் மறுபடி குடித்தான். வைக்கோல் நிறம், மெல்லிய நுரை, ரொட்டி வாசனை. கசப்பு சற்றுக் கூடுதல். பத்துக்கு ஏழு என்று எழுதினான். பென்சில் அடிக்கப் போனது.

"அடிச்சீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்."

அடிக்கவில்லை. குளிர் கதவு வழியாக வெளியேறியது. வாசலில் நின்ற ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. ஜாடி வியர்த்தது. பிலோமினாளுக்கு இடுப்பு வலி கண்டு, சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. மிச்ச லாகர் ஆனி வெக்கையில் மூன்றே நாளில் புளித்துப்போனது. அருணகிரி வந்து, இப்பதான் பதம் என்று சொல்லி, ஜாடியைக் காலி செய்தார்.

ஞானஸ்நானத்துக்குத் திருப்பத்தூர் போனார்கள். பதிவேட்டைத் திறந்து, குழந்தைக்கு எத்தனை நாள் என்று பாதிரியார் கேட்டார்.

"பொறந்து பத்து நாளு சாமி," என்றாள் பிலோமினாள். "ஆனா நின்னுனு இருந்த நாளையும் சேத்து எழுதுங்க. சுமந்தது நானு."

பாதிரியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, சாந்தாமேரி, பிறக்கும்போது வயது ஒன்றரை என்று எழுதி, மை காய ஊதினார்.