கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்றவர்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகத்தில் இரண்டே திசைகள்தான். மேலே, கீழே. நல்லதெல்லாம் மேலே, உருப்படாததெல்லாம் கீழே. முப்பது வருடமாக மோட்டாரையும் கிரீஸையும் கட்டிக்கொண்டு மாரடித்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? அந்தப் புத்திதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காலை வாரிவிட்டது. வாரிவிட்டதா, கை கொடுத்ததா என்று கேட்டால் இன்றைக்கும் அவர் தலையைத்தான் சொறிவார்.

அதற்கு முந்தின வாரம், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு இளம் பல் டாக்டர் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறிப்போய், மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கத்துவார்கள், கதவைத் தட்டுவார்கள், சிலர் மெக்கானிக்கின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டுவார்கள். இந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். கயிறு இறங்கும் துளை வழியாகப் பாட்டு மேலே வந்தது.

நனையத்தானே வந்தேன் நான்,
நனைந்த பின்னே அழுவேனா?
ஒரு கம்பி ஒடிந்தாலும்
ஒரு தலைக்கு இடமுண்டு.

மெக்கானிக்கின் கை சக்கரத்தில் அப்படியே நின்றது. அது அவருடைய தங்கச்சியின் பாட்டு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ‘மேகத் தபால்’ என்று ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. கடிதங்களைச் சுமந்துகொண்டு அலையும் மேகங்களின் கதை. இருபத்திநாலு பகுதி, பகுதிக்கு ஒரு பாட்டு. பதினேழாவது பகுதியில், தபால் ஆபீஸ் மூலையில் கிடக்கும் ஓட்டைக் குடை ஒன்று, விரிந்தால் கிழிந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே பாடும். தங்கச்சி அப்போது ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். குடைக்குப் பாட வேண்டியவள் அன்றைக்கு வரவில்லை, இவளைப் பிடித்து மைக் முன்னால் தள்ளினார்கள். அவள் தனியாகப் பாடிய ஒரே பாட்டு அதுதான். தொடரின் முடிவில் ஓடிய பெயர்ப் பட்டியலில் ‘மற்றும் குழுவினர்’ என்று போட்டார்கள். அந்த ‘மற்றும்’தான் தங்கச்சி.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். “குரல் கரகரன்னுதான் இருக்கும், பேசப் பேசத்தான் கொஞ்சமாவது தெளியும், பயிற்சிக்கு வாங்க” என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவள் குளியலறையில் ஒரு வரி பாடிப் பார்த்தாள். வெளியே நின்றிருந்த மெக்கானிக்கின் காதிலும் அது விழுந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள், அங்கே பேச வேண்டிய அவசியமில்லை. வீட்டிலோ அண்ணனும் தங்கச்சியும் இரண்டே பேர். சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவாள். ‘அண்ணா, சோப்பு தீர்ந்துவிட்டது.’ ‘அண்ணா, செருப்பை வாசலிலேயே விடு.’ ஒரு சீட்டில் மட்டும் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்: ‘நான் பாடினவள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது.’ மெக்கானிக் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து, கீழே இறங்கிப்போய்க் கதவைத் திறந்ததும் பல் டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். “இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா ரெண்டாவது சரணத்தையும் முடிச்சிருப்பேன் சார்.”

“இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

உன் பேர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதுபோல அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? ‘மேகத் தபாலு’க்குன்னே நாங்க நாப்பது பேர் இருக்கோம். வருஷா வருஷம் கூடி, இருபத்திநாலு பாட்டையும் கேட்டு, எது முதல், எது கடைசின்னு வரிசை போடுவோம். வர ஞாயித்துக்கிழமை நூலக மாடியில. நீங்களும் வாங்களேன்!”

‘அது என் தங்கச்சி’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சட்டைப் பையில் சீட்டு உறுத்தியது. எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு, “வர்றேம்மா” என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தங்கச்சி ஒரே வார்த்தை எழுதினாள். ‘பொய்.’

“உன் தலைமேல சத்தியம். நீயே வந்து பாரு. அங்க உன் பாட்டுக்கு நல்ல இடம் கிடைச்சா, நீ மறுபடி டாக்டர்கிட்ட வரணும். சரியா?”

அவள் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். ‘முதல் பத்துக்குள் வந்தால் வருகிறேன். வராவிட்டால் என் குரலைப் பற்றி நீ இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாகும் வரைக்கும்.’

மெக்கானிக் சம்மதித்தார். நாற்பது பேர் கூடி ரசிக்கும் இடத்தில் அந்தப் பாட்டு பத்துக்குள் வராமல் போய்விடுமா என்ன என்று அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

நூலக மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பஸ் ஓட்டும் அக்கா ஒருத்தி எல்லாவற்றையும் நடத்தினாள். எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. நேராக வேலையிலிருந்து வந்த ஒரு பேக்கரிக்காரரின் சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு தம்பதி இருந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இருபத்திநாலு பாட்டையும் கேட்டார்கள். பதினேழாவது பாட்டு வந்தபோது மெக்கானிக் மட்டும் கண்ணைத் திறந்து தங்கச்சியைப் பார்த்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தாள் கொடுத்தார்கள். பாட்டுகளின் பெயர் வரிசையாக இருந்தது, பக்கத்தில் காலிக் கட்டம். ஒன்று முதல் இருபத்திநாலு வரை எண் போட வேண்டும். தங்கச்சி தாளை வாங்க மறுத்துவிட்டாள். மெக்கானிக் பாட்டுகளை மாடி மாடியாக அடுக்கினார். காது கிழியக் கத்தும் ‘இடியின் பாட்டு’ அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதைத் தரைத்தளத்தில் போட்டு ஒன்று என்று எழுதினார். ‘ஓட்டைக் குடை’க்கு உச்சி மாடி. இருபத்திநாலு என்று தாள் பொத்துக்கொள்ளும்படி அழுத்தி எழுதினார்.

அக்கா கூட்டிக் கழித்து முடித்து எழுந்தாள். “முதல் இடம், ‘காற்றே கதவைத் திற’. நாப்பத்தொரு தாள்லயும் போட்ட நம்பரைக் கூட்டினா இதுக்குத்தான் இருக்கறதுலயே கம்மி.”

கம்மியா? மெக்கானிக் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்று என்றால் முதல் இடம். அப்படியென்றால் இருபத்திநாலு? அட கடவுளே, தன் கையாலேயே அந்தப் பாட்டைப் பாதாளத்தில் அல்லவா தள்ளியிருக்கிறார்! இதைச் சின்னப்பிள்ளைகூடச் சரியாகப் போட்டிருக்குமே!

பத்து பாட்டுகள் வந்துபோயின. குடை இல்லை. தங்கச்சி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தாவது விரல் மடங்கியதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பதினைந்து, இருபது, இருபத்திமூன்று.

“கடைசி இடம், ‘ஓட்டைக் குடை’.”

தங்கச்சி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இரண்டு வருடத்தில் அவர் அனுபவித்த வேதனையெல்லாம் அந்த ஒரு சிரிப்புக்கு உறைபோடக் காணாது. தப்பை ஒப்புக்கொள்ளலாம் என்று அவர் கையைத் தூக்கினார். அதற்குள் அறை முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

“முடிஞ்சுதா, கிளம்பறீங்களா?” என்று பல் டாக்டரிடம் கேட்டார்.

“இல்ல சார். கடைசியா வர்ற பாட்டை எல்லாரும் எழுந்து நின்னு பாடணும், அது எங்க பழக்கம். முதல் பாட்டை ஊரே பாடும். இதை நாமளும் விட்டுட்டா யார் பாடுவா, சொல்லுங்க?”

பாடினார்கள். ஒலிப்பதிவு இல்லை, இசை இல்லை, வெறும் நாற்பது வாய்கள். யாரும் தாளைப் பார்க்கவில்லை. பஸ் அக்காவின் முரட்டுக் குரல், பேக்கரிக்காரரின் சுருதி சேராத குரல், குழந்தையைத் தட்டிக்கொண்டே பாடிய அப்பாவின் தூக்கக் குரல் எல்லாம் சேர்ந்து எழும்பின. ‘ஒரு தலைக்கு’ என்கிற இடத்துக்கு முன்னால் தங்கச்சி அன்றைக்கு ஒலிப்பதிவில் மூச்சு திணறி, அதை மறைக்க லேசாகச் சிரித்திருந்தாள். மைக் முன்னால் முதல் முறை தனியாக நின்ற பயம் அது. அந்தக் குட்டிச் சிரிப்பையும் நாற்பது பேரும் ஒன்றாக, அதே இடத்தில், அதே அளவுக்குச் சிரித்தார்கள்.

மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு மனுஷியின் ஒரு மத்தியானத்து மூச்சு, பதினோரு வருடமாக, முகம் தெரியாத இத்தனை பேர் நெஞ்சில் குடியிருந்திருக்கிறதே! எத்தனையோ டன் எடையை மேலே ஏற்றி இறக்கிய மனிதர் அவர். இந்த மாதிரி ஒன்று தூக்கி நிறுத்தப்பட்டதை அவர் அதுவரை கண்டதில்லை. பக்கத்தில் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய் வந்தது.

பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபோது மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. எழுந்து உண்மையைப் போட்டு உடைத்தார். “மன்னிச்சிடுங்க. நான் தலைகீழாப் போட்டுட்டேன். இருபத்திநாலுன்னா உச்சின்னு நெனச்சிட்டேன். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்.”

அறையே வெடித்துச் சிரித்தது. பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் அக்கா மட்டும் சிரிக்காமல் மறுபடி கூட்டினாள். கடைசி ஆறு பாட்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம்தான் இருந்தது. “குடை பத்தொன்பதாவது. நியாயமாப் பாத்தா கடைசி ‘இடியின் பாட்டு’தான். அண்ணன் போட்ட ஒண்ணு அதைத் தூக்கி விட்டிருக்கு. வரிசையை மாத்தி எழுதிட்டு, இப்ப அதுக்கு எழுந்து நிக்கணும். வேற வழியில்ல.”

பத்தொன்பது. அதுவும் பத்துக்குள் இல்லை. மெக்கானிக் பொத்தென்று உட்கார்ந்தார்.

“மாத்தாதீங்க.”

நாள்பட்டுத் துருப்பிடித்த கதவைத் தள்ளியதுபோல ஒரு குரல். யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள். மெக்கானிக் மட்டும் திரும்பவில்லை. திரும்பினால் அது நின்றுவிடுமோ என்று பயந்தார்.

“அது கடைசியிலயே இருக்கட்டும்” என்றாள் தங்கச்சி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. “அப்புறம், நீங்க பாடினதுல ஒரு சரணம் இல்ல. மூணாவது. நேரம் பத்தலைன்னு வெட்டிட்டாங்க.”

பல் டாக்டரின் கண்கள் விரிந்தன. “மூணாவது சரணமா? எங்க யாருக்குமே தெரியாதே! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தங்கச்சி அண்ணனின் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நான்தான் அந்தக் குடை.”

யாரும் கைதட்டவில்லை. பஸ் அக்கா முதலில் எழுந்தாள். பிறகு பேக்கரிக்காரர், பல் டாக்டர், குழந்தையோடு அந்தத் தம்பதி. யாரும் சொல்லாமலே நாற்பது பேரும் மறுபடி எழுந்து நின்றார்கள், மெக்கானிக்கும் நின்றார். தங்கச்சி பாதி பேச்சும் பாதி பாட்டுமாக ஆரம்பித்தாள்.

மூடி வைத்த மூலையிலே
மழையைக் கேட்டுக் கிடந்தேனே.
விரித்தால் கிழிவேன் என்றாலும்
விரித்துப் பாரேன் ஒரு தரம்.

கடைசிச் சொல்லில் குரல் உடைந்து, வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றையும் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பல் டாக்டர் அழுதுகொண்டே அந்த நாலு வரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பந்தயத்தில் மெக்கானிக் தோற்றுத்தான் போனார். திரும்பும் வழியெல்லாம் குரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கொடுத்த வாக்கு அப்படி. மறுநாள் காலை எழுந்து வந்து, பழக்க தோஷத்தில் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார். சீட்டு எதுவும் இல்லை. கீழே விழுந்துவிட்டதோ என்று குனிந்து தேடினார்.

“அண்ணா, சோப்பு தீந்துடுச்சு” என்றது பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரல். “டாக்டர்கிட்ட போயிட்டு வர்றப்ப வாங்கிக்கலாம்.”