நடுவில் வெட்டிய முக்கால் மணி நேரம்

ஐம்பது வினாடி வீடியோவில் அவன் பெரிய ஆள். ஓடாத ஃபேனைத் தூக்கிக் காட்டுவான், நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவான், ஒரு வெட்டு. அடுத்த நொடி ஃபேன் ஜம்மென்று சுற்றும். பார்க்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘சட்டுப்புட்டு’. அந்த ஒரு வெட்டுக்குள் முக்கால் மணி நேரம் குனிந்து வேலை பார்த்தவள் அவன் மனைவி. ஃபேன் கம்பெனியில் எட்டு வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவள். அவனுக்குக் கழற்றத்தான் தெரியும். திரும்ப மாட்டினால் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும்.

வந்தது வினை. ‘நீளமாப் போடுங்க, நடுவுல என்ன பண்றீங்கன்னு முழுசாக் காட்டுங்க’ என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். பேசாமல் அவளையே கேமரா முன்னால் உட்கார வைத்திருக்கலாம். மனசு வரவில்லை பாவிக்கு. தன் முழுக்கைச் சட்டையையும் வாட்சையும் அவளிடம் நீட்டினான்.

“கை மட்டும் தெரியுற மாதிரி எடுக்கிறேன். பேச்சை அப்புறம் நான் சேர்த்துக்கிறேன்.”

அவள் சட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“மோதிரத்தையும் கழட்டணுமா?”

“ம்... கழட்டிடு.”

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அதைத் தன் குரலில் படித்துச் சேர்த்தான். இருபத்திரண்டு நிமிட வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. ‘என்ன பொறுமையான கை அண்ணா உங்களுக்கு’ என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லும்போது அவனுக்கு உடம்பே கூசியது. கூசினாலும் ஒருவரையும் விடாமல் சொன்னான்.

மூன்றாம் நாள் மாடி வீட்டுக்காரர் ஒரு டேபிள் ஃபேனோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வீடியோ பார்த்தேன் தம்பி. இதையும் பாருங்க. பக்கத்துல இருந்து நானும் கத்துக்கிறேன்.”

பின்மூடியைக் கழற்றினான். எந்த ஒயரைத் தொடுவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். ‘நான் இல்லங்க, இவதான்’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதைச் சொல்லாமல், கழற்றிய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலையிலேருந்து இவருக்குத் தோள் வலி, அண்ணா. நான் பார்க்கிறேன். எல்லாம் இவர் சொல்லிக்கொடுத்ததுதான்.”

அவன் பிடியிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மெல்ல வாங்கிக்கொண்டாள். கெபாசிட்டரை மாற்றி, எண்ணெய் விட்டு, கால் மணி நேரத்தில் ஓடவிட்டாள்.

“நல்ல வாத்தியார்தான் தம்பி நீங்க” என்று மாடி வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டினார்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தான் அவன்.