முழுக்கதையும் சொல்லிவிடுவார்

வெள்ளாறு பதிப்பகத்தின் பொன்விழா அழைப்பிதழ் கிடைத்த அன்றே அதன் உரிமையாளர் திருநாவுக்கரசு அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்றி தெரிவித்தேன். புதிய எழுத்தாளர் பன்னிருவரின் கதைகளைத் தொகுத்து, விழாவின் இரண்டாம் நாளில் வெளியிட இருந்தார்கள். அச்சில் வரும் என் முதல் கதை அதில் இருந்தது.

“கதிரவன் ஐயாதாம்மா ஆய்வுரை” என்றார் அவர். “பேச வந்தாருன்னா ஒவ்வொரு கதையையும் முழுசா சொல்லிடுவாரு. கேட்டவங்கள்ல பாதிப் பேரு, இதுவே போதும்னு புக்கு வாங்காம பூடுவாங்க. என்னா பண்றது, கூட்டம் அவருக்குத்தான வருது!”

அவர் சிரித்தார். எனக்கோ அப்போதே கவலை தொடங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் கதை படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் எழுதியிருந்தேன். என் மாமனார் சபாபதி, கடலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வாசற்பலகையில் ‘சபாபதி, பி.ஏ.’ என்றிருக்கும். பட்டத்தை விட்டுவிட்டுத் தம் பெயரை அச்சிட்ட திருமணப் பத்திரிகை ஒன்றை அவர் வாங்க மறுத்ததாக அத்தை சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு ஏதோ சான்றிதழுக்காகப் பீரோவில் தேடியபோது, பழுப்பு உறை ஒன்றில் அவருடைய மதிப்பெண் பட்டியல்கள் என் கைக்கு வந்தன. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து எழுதியும் ஆங்கிலத் தாளில் அவர் தேறவே இல்லை. தேர்வுகள் எல்லாம் ஆனி மாதத்தில், சிதம்பரத்தில் நடந்திருந்தன. “கல்யாணமான புதுசுல ஆனித் திருமஞ்சனத்துக்கு வருசம் தவறாம செதம்பரம் போவாரு. அப்பறம் என்னமோ உட்டுட்டாரு” என்று அத்தை எப்போதோ சொன்னது அப்போது எனக்கு விளங்கிற்று.

உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரைத் திண்டிவனம் ஆக்கினேன். ஆனித் திருமஞ்சனத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

கணவருக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே மாமாவே என்னை அழைத்துச் செல்வதாகச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், நாற்பதாண்டு நண்பரான கலியமூர்த்தியையும் கூப்பிட்டுவிட்டார். “எம் மருமவ கதைய மேடையில பேசறாங்க மச்சான். நீ வராம எப்பிடி?”

பேருந்து செம்மங்குப்பத்தைத் தாண்டும்போதே, உடல்நலம் சரியில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாமா என யோசித்தேன். மாமா சலவைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

சிதம்பரத்தில் திருமண மண்டபம் ஒன்றில் விழா. கவியரங்கம் ஒரு மணி நேரம் நீண்டது. இன்னும் நீளாதா என்று வேண்டிக்கொண்டேன். தேநீர் இடைவேளையில் பேராசிரியர் கதிரவன் அவர்களை அணுகி, பெருந்தவறாக எண்ண வேண்டாம் என்று தொடங்கி, என் கதையைத் தவிர்த்துவிட இயலுமா என்று கேட்டேன்.

“பேரென்ன?”

“அருள்மொழிங்க ஐயா.”

“அடக்கம் நல்லதும்மா. ஆனா இவ்ளோ அடக்கம் ஆவாது. ஒன் கதையத்தான் கடைசியா, பெருசா பேசப்போறேன். பேசாம போயி ஒக்காரு.”

என் அச்சம் இன்னதென்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். வணக்கம் சொல்லிவிட்டு வந்து, மாமாவுக்கும் கலியமூர்த்தி மாமாவுக்கும் அடுத்த நாற்காலியில் அமர்ந்தேன்.

அவர் முழுவதும் சொன்னார். தேறாத பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட மனிதரை, சாமி பார்க்கப் போவதாக மனைவியிடம் சொல்லி, விபூதி பூசிக்கொண்டு கிளம்பித் தேர்வுக்கூடத்தில் போய் உட்காருபவரை, நடித்தே காட்டினார். மண்டபம் சிரித்தது. கலியமூர்த்தி மாமா தொடையைத் தட்டினார்.

“சாமி பேரச் சொல்லிப் பரிச்சைக்கிப் போயிருக்கான் பாரு மச்சான், திருட்டுப்பய!”

மாமா சிரிக்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் பார்த்தேன்.

“இந்தப் பொண்ணு நேர்ல பாக்காம இத எழுதியிருக்க முடியாது” என்றார் பேராசிரியர். “மேல வாம்மா. யாரு அந்த ஆளு? ஏற்புரையில நீயே சொல்லிடு.”

ஒலிபெருக்கியின் முன் நின்றபோது, எழுதி வைத்திருந்த நன்றியுரை ஒரு வரியும் நினைவில் இல்லை. யாரும் இல்லை, கற்பனை என்று சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. மாமாவின் முகம் மட்டுமே தெரிந்தது.

“என் தந்தையாருங்க” என்றேன்.

கைதட்டினார்கள்.

கீழே இறங்கி மாமாவின் அருகில் வந்து நிற்பதற்குள் ஒருவர் வழிமறித்தார். என் பிறந்த ஊரான காடாம்புலியூரில் மின்பொருள் கடை வைத்திருக்கும் தங்கராசு. என் தந்தையிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். தந்தை இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“அக்கா, கோவிந்தசாமி சாரையா சொன்னீங்க? சாரு பாஸ் பண்ணலியா?” என்று கேட்டார். “அப்பறம் எப்பிடிக்கா வாத்தியார் வேல? பொய் சர்டிபிகேட்டா?”

“அப்படி இல்லைங்க...” என்றேன். உண்மையைச் சொன்னால் ஒருவர் தலை குனியவேண்டும், சொல்லாவிட்டால் இறந்துபோன மற்றொருவர். ஊர் திரும்பியதும் இவர் இதைப் பத்துப் பேரிடம் சொல்வார். என் தாயாரின் காதுக்கும் போகும்.

“தம்பி” என்றார் எழுந்து வந்த மாமா. “ஒங்க வாத்தியாரு நல்லாப் படிச்சி, மொத தடவையே பாஸ் பண்ணவரு. அந்தக் கதையில வர்றது நானு.”

தங்கராசு விழித்தார். கலியமூர்த்தி மாமா சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்.

“வெளாடாத மச்சான்.”

“வெளாடல.”

“அடப்பாவி! அப்ப வருசா வருசம் எனக்கு பிரசாதம்னு கொண்டாந்து குடுத்தியே?”

“பஸ் ஸ்டாண்டுல வாங்கன பொட்டலம். சர்க்கரப் பொங்கல் நல்லாத்தான இருந்திச்சி?”

கலியமூர்த்தி மாமா செருப்பைத் தேடப் போனார். தங்கராசு, என் மாமாவைக் கைகூப்பி வணங்கிவிட்டு நகர்ந்தார். எதற்காக வணங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் கலியமூர்த்தி மாமா தனியே முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார். மாமா என் பக்கத்தில். நான் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். மூன்றுமுறையும் அவர் சன்னலுக்கு வெளியேதான் பார்த்தார். கோபமா, களைப்பா என்று கணிக்க இயலவில்லை. ஆலப்பாக்கம் வந்ததும் திரும்பினார்.

“என்னப் பத்தி வேற எதனா எழுதி வச்சிருக்கியா?”

“இல்லைங்க மாமா.”

அது உண்மைதான். அத்தையைப் பற்றி ஒன்று இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.