பாதியில் நின்ற பேச்சு

ஆஸ்பத்திரியில் புது ஆபரேஷன் தியேட்டர் கட்ட நிதி திரட்டுவதற்காக விருந்து ஏற்பாடானது. ஊரின் மூத்த டாக்டர்கள் மூன்று பேருக்கு அன்று பாராட்டு: சர்ஜன், குழந்தைகள் டாக்டர், அப்புறம் அந்த ஊருக்கு முதன்முதலாக வந்த மயக்க டாக்டரம்மா. ஒவ்வொருவரிடமும் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவர் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று திட்டம்.

விழாச் செயலாளர் டாக்டரம்மாவுக்கு போன் செய்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் இழுத்தார்.

"மேடம், சர்ஜனுக்குப் பேச ஆள் அடிச்சுப் பிடிச்சு வர்றாங்க. உங்களுக்குத்தான்... யாரைக் கேட்டாலும் எந்த டாக்டர்ங்கறாங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னை ஞாபகம் இருந்தா நான் வேலையை ஒழுங்கா செய்யலைன்னு அர்த்தம். விடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த தங்கை விடுவதாக இல்லை. "எனக்குக் குடல்வால் எடுத்தப்ப மயக்கம் கொடுத்தது நீதானேக்கா? நான் பேசறேன்."

விருந்தன்று சர்ஜனைப் பற்றிப் பேசியவர் கண்கலங்கினார். குழந்தைகள் டாக்டரைப் பற்றி, பெரிய மீசை வைத்த ஒரு முன்னாள் குழந்தை பேசியது. அடுத்துத் தங்கை மைக்கைப் பிடித்தாள்.

"எங்கக்கா எனக்கு மயக்கம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது."

மனப்பாடம் செய்து வைத்திருந்த மற்றதெல்லாம் பறந்துவிட்டது. "அவ்வளவுதான்" என்றாள். மண்டபமே சிரித்தது.

தங்கை திருதிருவென விழிப்பதைப் பார்த்து டாக்டரம்மா எழுந்து போய் மைக்கை வாங்கினார். "அவ சொன்னது சரிதான். எல்லாரும் சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

கடைசி மேஜையிலிருந்து ஊரில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார்.

"டாக்டர், நீங்க மாஸ்க் போட்டிருந்ததால மூஞ்சி தெரியாது. ஆனா இந்தக் குரல் தெரியும். எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். 'ரொட்டி அடியில கருகாம எப்படிங்க சுடறீங்க'ன்னு கேட்டீங்க. 'மொதல்ல அடுப்பை'ன்னு ஆரம்பிச்சேன். கண்ணைத் திறந்தா வார்டுல கிடக்கேன். பாதியில விட்டது இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. இப்பச் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அடுப்பைச் சூடாக்குவதில் ஆரம்பித்து, தட்டை எந்த அடுக்கில் வைப்பது என்பது வரை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். டாக்டரம்மா மைக்கைப் பிடித்தபடியே நின்று கேட்டார். நாக்கு குழறுகிறதா, மருந்து ஏறிவிட்டதா என்று பார்க்கத்தான் மயக்கம் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கும் அந்தக் கேள்விகளெல்லாம். குழற ஆரம்பித்ததுமே அவர் கண் கருவிகள் பக்கம் போய்விடும். அந்தப் பதில்களுக்கு ஒரு மிச்சம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அப்புறம் மேடையை யாரும் கண்டுகொள்ளவில்லை. இதே மாதிரி பதிலைப் பாதியில் விட்டவர்களெல்லாம் டாக்டரம்மாவின் மேஜையைச் சுற்றி ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு முதலில் மூச்சுவிடத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் நீச்சல் டீச்சர். பஸ் டிரைவர் ஸ்பூனையும் உப்பு டப்பாவையும் வைத்து மலைப்பாதை வளைவில் திரும்பிக் காட்டினார். "அப்புறம்?" "அப்புறம்?" என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தட்டிலிருந்ததுதான் ஆறிப்போனது.

சர்ஜன் வந்து எட்டிப் பார்த்தார். "நான் கத்தியோட காத்துக்கிட்டு நின்னப்பல்லாம், நீங்க ரொட்டி சுடக் கத்துக்கிட்டிருந்தீங்களா?"

"எங்க கத்துக்கிட்டேன்? எல்லாரும்தான் பாதியில தூங்கிட்டாங்களே."

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் தங்கை மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அன்னிக்கு மயக்கம் வர்றப்ப நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"என்கிட்ட வாங்கிட்டுப் போன வளையலைத் திருப்பித் தரவே மாட்டேன்னு சொன்னே."

தங்கை கையிலிருந்த அந்த வளையலைத் தடவிக்கொண்டாள்.

"அதுல பாதியில விட்டது ஒண்ணுமில்லக்கா. முழுசாத்தான் சொல்லியிருக்கேன்."