அப்பாவின் திருப்புளி

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் சட்டைப்பையில் எல்சி திருப்புளியைச் செருகினாள். மரப்பிடி வெளியே தலைநீட்டியது. அவர் உயிரோடு இருந்தவரை அப்படித்தான் நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டுப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாலும் கூடவே போகும்.

“ஏட்டி, பெட்டிக்குள்ள இரும்ப எதுக்கு வைக்கே?” என்றாள் அப்பாவின் தங்கை மேரி.

“அப்பா கேட்டாங்க அத்தை.”

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அப்பா ஆபிரகாமின் கை நெஞ்சைத் தடவித் தடவித் தேடியது. “எங்கட்டி?” என்பார். “வீட்டுக்குப் போனதும் தாரேன்ப்பா” என்று எல்சி வாக்குக் கொடுத்திருந்தாள். இதோ, வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கைக் காப்பாற்ற இந்த மத்தியானம்தான் மிச்சம்.

பூனாவின் கட்கியில் அவர்கள் குடியிருந்த சந்து முழுக்க அதை இந்தியில் பேச்கஸ் என்றது. எல்சியும் தம்பி கிரேக்கும் ஸ்க்ரூடிரைவர் என்றார்கள். அவர் ஒருவர்தான் திருப்புளி. தமிழ் படிக்காத பிள்ளைகள். கோயிலில் திருவிருந்து, திருமறை என்று கேட்டுக் கேட்டு, இதுவும் ஏதோ ஜெபம்பண்ணிய புளி என்று நினைத்திருந்தார்கள். ஒருநாள் விஷயம் தெரிந்து ஆபிரகாம் கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

“புளியுமில்ல, ரசமுமில்ல. உளி. ஆசாரி உளிய வச்சு அடிப்பான். நாம வச்சுத் திருப்புதோம். திருப்புத உளி, திருப்புளி. எவனோ நம்மள மாதிரி ஒருத்தன் வச்ச பேருதான்.”

கண்டோன்மென்ட் ஆபீஸ் குமாஸ்தாவான அவருக்கு அந்தப் பேரில் அப்படி ஒரு பெருமை. யார் கேட்டாலும் திருப்புளியைக் கொடுப்பார். ஒரே நிபந்தனை, வேலை முடிந்ததும் திரும்பவும் அவர் பையிலேயே போட வேண்டும். மேசையில் வைத்தால் கோபம் வரும். தூங்கிக்கொண்டிருந்தாலும் பிள்ளைகள் மெதுவாகப் பையில் செருகிவிட்டுப் போவார்கள்.

பாஸ்டர் ஜெபத்தை முடித்து மணியைப் பார்த்தார். சவப்பெட்டிக் கடை சேவியர் மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூ பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு பையைத் துழாவினார். மறுபடி துழாவினார்.

“ஸ்க்ரூடிரைவர் கடையிலயே தங்கிப்போச்சுங்க. யார்கிட்டயாவது இருக்கா?”

கிரேக் பஜாருக்கு ஓடிப்போய்த் திரும்பினான். “எல்லா ஷட்டரும் டவுன், அக்கா. நாலு மணிக்குத்தான் திறப்பான். அடக்கம் மூணு மணிக்கு.” பூனாவில் மத்தியானம் கடைக்காரனை எழுப்ப எமனாலும் முடியாது.

சேவியர் வாசலில் நின்றவர்களிடம் இந்தியில் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தில் யாரும் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கவில்லை. எதிர்வீட்டு ரோஹிணி பழக்கதோஷத்தில், “அங்கிள் கே பாஸ் ஹை நா” என்றாள். அங்கிளிடம் இருக்கிறதே என்று சொன்ன மறுகணமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கிரேக் சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்தான். சேவியர் அழுத்தித் திருப்பினார். கத்தி வழுக்கி, மூடியின் பாலிஷில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. எல்சிக்குத் தன் மேலேயே கிழித்தாற்போல் இருந்தது.

“நிறுத்துங்க. மூடிய எடுங்க.”

“அக்கா, வேண்டாம். நீ ப்ராமிஸ் பண்ணியிருக்க…”

“எடுக்கச் சொல்லு கிரேக்.”

மூடி விலகியது. அப்பா அப்படியே கிடந்தார். எல்சி குனிந்து மரப்பிடியைப் பிடித்தாள். பையின் ஓரத்தில் நூல் மாட்டிக்கொண்டு ஒரு நொடி வர மறுத்தது. “குடுத்திருங்கப்பா” என்றாள். அப்பா நோயில் படுத்த மூன்று மாதமும் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சேவியர் ஒவ்வொன்றாகத் திருப்பி முடுக்கினார். இந்தத் தடவை ஒன்றும் வழுக்கவில்லை. கடைசி ஸ்க்ரூவும் இறங்கியதும், திருப்புளியைத் தன் சட்டையில் துடைத்து எல்சியிடம் நீட்டினார்.

“இந்தாங்கம்மா. வேலை முடிஞ்சிது.”

எல்சி வாங்கினாள். வாங்கியதும், வழக்கம்போல், அவள் கை அப்பாவின் சட்டைப்பைக்கு நீண்டது. மூடியில் போய் இடித்தது.